மேலே போகவேண்டிய சபை

ஆண்டவருடைய இரகசிய வருகையை இந்தப் பூமியில் தன் கண்ணால் கண்ட ஒரே மனிதன் நான்தான். சொப்பனத்தில் அல்ல, தரிசனத்திலும் அல்ல. முள்ளியவளையில், போன ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை பத்தேகாலுக்கு, பட்டப்பகலில் கண்டேன். ஒரு சபை முழுவதும் இமைப்பொழுதில் எடுத்துக்கொள்ளப்பட்டது. முப்பத்தேழு பேர். முல்லைத்தீவு வவுனியா பஸ்ஸில் முப்பத்தொரு வருடம் கொண்டக்டராக நின்று ஓய்வுபெற்றவன் நான். தலை எண்ணுவதில் எனக்குப் பிழை வராது. கால் எண்ணினாலும் வராது; அன்றைக்கு எண்ணியது செருப்பைத்தான்.

நம்பமாட்டீர்கள். நம்பாதவர்களுக்கும் உள்ளே இடமிருக்கிறது, ஏறுங்கள்.

என் பெயர் பேதுரு. கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கன். ஞானமலர் என் ஒரே தங்கை. சண்டை முடிந்து முகாமிலிருந்து வரும்வரை அவளும் எங்கள் கோவில்தான். வந்தபிறகு அவள் புருஷன் ஸ்ரனிஸ்லஸ் இனிக் கடலுக்குப் போவதில்லை என்று முள்ளியவளையில் வயலோரம் ஒரு காணியில் குடியேறி, பாஸ்டர் வீரையாவின் சபையில் சேர்ந்தான். சேர்ந்தவன் சும்மா சேரவில்லை. காணியின் முன்பாதியைச் சபைக்கு எழுதிக்கொடுத்து, தகரக் கூரை போட்ட மண்டபத்தையும் தானே நின்று கட்டினான்.

எங்கள் கோவிலில் உலக முடிவு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். திருவருகைக் காலம் நெருங்கும்போது சுவாமியார் அதைப் பற்றிப் பத்து நிமிடம் பிரசங்கம் வைப்பார். "நாளும் நேரமும் ஒருத்தருக்கும் தெரியாது. விரல் மடிச்சு எண்ணவேண்டாம். எப்ப வந்தாலும் வெக்கப்படாமல் நிக்கிற மாதிரி இருங்கோ" என்பார். நாங்கள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்போம்.

பாஸ்டர் வீரையாவின் சபையில் அது கிழமைக்குக் கிழமை வந்தது. மேடைக்குப் பின்னால் வெள்ளைச் சீலையில் கீறிய படம் ஒன்று, ஒரு கப்பலின் பாய் அளவுக்குத் தொங்கும். இடது பக்கத்தில் சபை. அதிலிருந்து சிவப்பு அம்புக்குறி ஒன்று நேரே வானத்துக்கு. அதற்குப் பிறகுதான் ஏழு வருட உபத்திரவம்: பஞ்சம், பட்டயம், மிருகம், மிருகத்தின் முத்திரை. விசுவாசிகள் அதை அனுபவிக்கவே மாட்டார்கள். அது தொடங்க முதலே, அயலவனுக்கும் தெரியாமல், போட்டது போட்டபடி கிடக்க மேலே எடுபட்டுவிடுவார்கள்.

"பேதுரு அண்ணை, ஒருநாள் நீங்கள் இங்க வருவீங்கள். செருப்பு மட்டும்தான் கிடக்கும்" என்று பாஸ்டர் என்னைக் காணும்போதெல்லாம் சொல்வார்.

"நல்ல செருப்பாப் போட்டுக்கொண்டு இருங்கோ பாஸ்டர். என்ர அளவு எட்டு" என்பேன் நான்.

பங்குனி மாதத்தில் ஸ்ரனிஸ்லஸ் வேதப்புத்தகத்தைத் தானே வாசிக்கத் தொடங்கினான். அதுதான் வினை. கடலில் வளர்ந்தவன், ஆழம் எவ்வளவு என்று யார் சொன்னாலும் தானே ஈயக்குண்டை விட்டுப் பார்க்காமல் நம்பமாட்டான். மத்தேயு இருபத்துநாலாம் அதிகாரத்தில் போய் நின்றுவிட்டான். ஒரு ஞாயிறு, பிரசங்கத்தின் நடுவில் எழும்பினான். நானும் தங்கை வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்தவன், பின்வரிசையில் இருந்தேன்.

"பாஸ்டர், இதில உபத்திரவம் முடிஞ்ச பிறகுதான் தூதர் வந்து ஆக்களைச் சேர்க்கினம் எண்டு கிடக்கு. உங்கட படத்தில முதலே சேர்த்துப்போட்டீங்கள்."

"அது யூதருக்குச் சொன்னது பிரதர். சபைக்குச் சொன்னது தெசலோனிக்கேயருக்கு எழுதினதில இருக்கு."

"அதையும் வாசிச்சனான். அதில முதலெண்டு இல்லை."

"விசுவாசக் கண்ணால வாசியுங்கோ."

"மூக்குக்கண்ணாடியும் போட்டுத்தான் வாசிச்சனான்."

மண்டபம் சிரித்தது. ஸ்ரனிஸ்லஸ் சிரிக்கவில்லை. "சண்டைக்குள்ள, பாதுகாப்பான இடமெண்டு சொல்லி எங்களை முந்தியும் ஒருக்காக் கூப்பிட்டவை. நம்பி வெறுங்கையோட போனம். இன்னொருக்கா நான் அப்பிடிப் போகமாட்டன்" என்றான். அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

அடுத்த கிழமை வீட்டுக்குப் பின்னால் வெட்டத் தொடங்கினான். எங்கள் பக்கத்தில் குண்டுக்குப் பதுங்குகிற பங்கர் வெட்ட ஒருவருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை. வாசலில் ஒரு மடிப்பு, மேலே தென்னங்குற்றி, அதற்குமேல் மண்மூட்டை. உள்ளே அரிசி, கருவாடு, மாரி பிஸ்கட். ஒரு பஸ்ஸை இறக்கி நிறுத்தலாம் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். உண்மையில் ஐந்து பேர் முழங்காலை மடக்கிக்கொண்டு இருக்கலாம். கிராம அலுவலரான விதானையார் கேள்விப்பட்டு வந்தார்.

"என்ன குழி இது?"

"கக்கூசுக்கு ஐயா."

"கக்கூசுக்கு என்னத்துக்குப் படி?"

"எனக்கு முழங்கால் ஏலாது."

விதானையாரைச் சமாளித்தவனுக்குப் பாஸ்டரைச் சமாளிக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஞானமலர் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கண் இரண்டும் அழுது வீங்கி நாவல்பழம் மாதிரி இருந்தன.

"அண்ணா, பாஸ்டர் முடிவாச் சொல்லிப்போட்டார். குழியை மூடவேணும். சபைக்கு முன்னால நிண்டு, இது அவிசுவாசம் எண்டு சொல்லவேணும். இல்லாட்டி நாளைக்கு இவரைச் சபைக்குப் புறம்பாக்கிறதாம்."

"புறம்பாக்கினால் எங்கட கோவிலுக்கு வரட்டன். வாங்கெல்லாம் இருக்க ஆளில்லாமல் கிடக்கு."

"பகிடி விடாதேங்கோ. டிலுசாவின்ர கலியாணம் வாற சனி. மாப்பிள்ளையின்ர தேப்பன் சபை மூப்பர். புறம்பாக்கின வீட்டில அவையள் பொம்பிளை எடுக்காயினம். நாலு வருஷமா அந்தப் பொடியனை நினைச்சுக்கொண்டிருக்கிற பிள்ளை அண்ணா."

எனக்கும் பகிடி நின்றுவிட்டது. டிலுசா தங்கையின் மகள், நான் தூக்கி வளர்த்த மருமகள். மாப்பிள்ளை யதுசனும் நல்ல பொடியன்.

"அப்ப அவனை மூடச் சொல்லன்."

"மண்வெட்டியைக் கையில எடுத்துக் குடுத்தனான். அந்தாள் அதாலயே இன்னும் ஒரு முழம் ஆழமாக்கிப்போட்டுது. நீங்கள் நாளைக்கு வந்து பாஸ்டரோட கதையுங்கோ. அவருக்கு உங்களில ஒரு வாரப்பாடு."

அப்படித்தான் அந்த ஞாயிறு, எங்கள் கோவிலில் முதல் பூசை கண்டுவிட்டு, இரண்டு துண்டு பாணைத் தேநீரில் தோய்த்துத் தின்றுவிட்டுச் சைக்கிளில் வெளிக்கிட்டேன். காதுக்குப் போடுகிற மெசின் சட்டைப் பையில் இருந்தது. பற்றரியை நான் பிரசங்கங்களில் செலவழிப்பதில்லை. மண்டபம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் 'படார்' என்று ஒரு சத்தம். எனக்கே கேட்டது என்றால் இந்தியாவுக்கும் கேட்டிருக்கும். என் டயர்தான் வெடித்தது என்று இறங்கி, குனிந்து, முன் சில்லையும் பின் சில்லையும் பெருவிரலால் அமத்திப் பார்த்தேன். கல்லு மாதிரி இருந்தன. அந்த இரண்டு நிமிடத்தைத்தான் நான் தவறவிட்டேன்.

மண்டப வாசலில் செருப்புகள். சோடி சோடியாக, ஒழுங்காக. உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

குறைவாக இருந்தார்கள் என்று சொல்லவில்லை. ஒருவரும் இல்லை. மின்விசிறி சுழன்றது. மைக்கில் சின்னச் சிவப்பு லைட் எரிந்தது. காது மெசினைப் போட்டேன். கீபோட்டின் மேல் பாட்டுப் புத்தகம் ஒன்று விழுந்து கிடக்க, அது ஒரே சுரத்தில் முனகிக்கொண்டிருந்தது. மேடையில் விரித்த வேதப்புத்தகம், அதன்மேல் பாஸ்டரின் மூக்குக்கண்ணாடி. பாயில் ஒரு பால்போத்தல் உருண்டு கிடந்தது. மீனம்மாவின் கைத்தடி நடு மண்டபத்தில் கிடந்ததைப் பார்த்தபோதுதான் நான் சிலுவை அடையாளம் போட்டேன். மீனம்மாவுக்கு எண்பது வயது. அந்தத் தடியில்லாமல் அவ கட்டிலை விட்டு இறங்குவதில்லை.

மூக்கில் ஏதோ எரிந்தது. கந்தக நெடி மாதிரி ஒன்று. பாதாளம் பக்கத்தில்தான் என்று நினைத்தேன். சீலைப் படத்தில் சிவப்பு அம்புக்குறி மேலே காட்டியது. நானும் அந்த வழியே மேலே பார்த்தேன். கூரையில் ஒரு தகரம் பிய்ந்து, நீல வானம் தெரிந்தது.

அந்த இடத்திலேயே முழந்தாளிட்டேன்.

ஞானமலருக்கு ஃபோன் எடுத்தேன். மண்டபத்துக்குள்ளேயே, பெண்கள் பக்கத்துப் பாயில், அவளுடைய ஃபோன் அடித்தது. அந்த மணி மாதிரி ஒரு பயங்கரமான சத்தத்தை நான் சண்டைக்குள்ளும் கேட்கவில்லை. என் தங்கை போய்விட்டாள். டிலுசா போய்விட்டாள். எங்கள் சுவாமியார் இப்படி ஒரு ஏற்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அவர்மேல் கோபம் வந்தது. பிறகு பாவங்கள் ஞாபகம் வந்தன. 'உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்கு இடமிருக்கு' என்று நான் பஸ்ஸில் சொன்ன பொய் மட்டும் மூன்று லட்சம் தேறும். வாசலுக்குத் தவழ்ந்து போய்ச் செருப்பை எண்ணினேன். முப்பத்தேழு சோடி. பாஸ்டரின் செருப்பு முன்வரிசையில் இருந்தது. அளவு எட்டுத்தான். சத்தியமாக, போட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் ஸ்ரனிஸ்லஸ் நினைவு வந்தது. படத்தை நம்பாதவனை ஆண்டவர் எடுத்திருப்பாரா? எடுக்காவிட்டால் எனக்கு ஏழு வருடத்துக்கு ஒரு துணை. அந்தப் பங்கரும் கருவாடும் இருக்கின்றன. வீட்டுக்குப் பின்னால் ஓடினேன்.

நின்றான். பங்கர் வாசலில், வெறுங்காலோடு, குனிந்து, வானத்தை அண்ணாந்து பார்த்தபடி.

"மச்சான்," என்றேன், "நீயும் நானும்தான் மிச்சமோ?"

அவன் திரும்பவில்லை. "படு மச்சான். வண்டு வந்திட்டுது. படு" என்றான்.

ஆளில்லாமல் வட்டமிட்டு எங்களை மேலேயிருந்து பார்த்த விமானத்தைச் சண்டை நாட்களில் வண்டு என்றுதான் சொல்வோம். அதன் ரீங்காரம் அப்படி. முதலில் அது வரும். அதற்குப் பிறகு வந்ததைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எழுபது வயதுக்காரன் நான், மூளை யோசிக்க முதலே மிளகாய்ப் பாத்திக்குள் குப்புறக் கிடந்தேன். வாயெல்லாம் மண். பக்கத்தில், நிலத்துக்கு அடியிலிருந்து ஒரு குழந்தை அழுதது. யாரோ கையால் அதன் வாயைப் பொத்துவதும் கேட்டது. சபை எங்கே போனதென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அப்படி எவ்வளவு நேரம் கிடந்தோமோ, நூறு வருடம் இருக்கும், வயல் வரம்பால் ஒருவன் நடந்து வந்தான். தலையில் தொப்பி, கையில் விளையாட்டுச் சாமான் மாதிரி ஒரு பெட்டி.

"ஐயா, நான் நிருஷன். பக்கத்து வயலுக்கு ட்ரோனால மருந்தடிக்க வந்தனான். கட்டுப்பாடு விட்டிட்டுது. உங்கட கூரையில விழுந்து, மருந்தும் ஊத்துண்டு கிடக்கு. ஏறி எடுக்கலாமோ?"

இருபது வயதுக்கு மேல் ஒன்றிரண்டு இருக்கும் அவனுக்கு. வண்டு என்றால் நெல்லில் மருந்தடித்துக் கொல்வது என்று மட்டும் தெரிந்த பாக்கியவான். ஸ்ரனிஸ்லஸ் மெல்ல நிமிர்ந்தான். பிறகு பங்கருக்குள் குனிந்து, "வாங்கோ வெளியில. வயலுக்கு மருந்தடிக்கிறதாம்" என்றான்.

நிலத்திலிருந்து முதல் தலை வந்ததும் நிருஷன் இரண்டு எட்டுப் பின்னால் போனான். பத்தாவது தலையில் தொப்பியைக் கழற்றினான். இருபதாவதில் வரம்பில் குந்திவிட்டான். தங்கை வந்தாள், மருமகள் வந்தாள், மூப்பர் வந்தார், யதுசன் தன் தாயைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒரு சின்னப் பெண் பிஸ்கட் பக்கெற்றோடு வந்தாள். எல்லோரிலும் கருவாட்டு மணம். ஐந்து பேருக்கு வெட்டிய குழியிலிருந்து முப்பத்தாறு பேர். ஸ்ரனிஸ்லஸோடு முப்பத்தேழு. கைக்குழந்தையைச் சேர்க்கவில்லை, பஸ்ஸிலும் கைக்குழந்தைக்குச் சீட்டில்லை. முப்பத்தொரு வருடத்தில் நானே இப்படி ஒருநாளும் அடுக்கியதில்லை. மீனம்மாவை இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். அவவுக்குப் பின்னால், கடைசி ஆளாக, வெள்ளைச் சேட்டின் முதுகெல்லாம் ஈரமண்ணோடு பாஸ்டர் வீரையா ஏறி வந்தார்.

பஸ்ஸில் முதல் ஏறி ஆக உள்ளே போனவர்தான் கடைசியாக இறங்குவார். இதைப் பாஸ்டருக்கு நான் சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

கால் மணித்தியாலத்தில் எல்லோரும் மண்டபத்தில் பழையபடி இருந்தார்கள். பாஸ்டர் முகம் கழுவி, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, மைக்கின் முன்னால் நின்றார்.

"சபை கொஞ்ச நேரம் வெளியில ஜெபத்தில இருந்தது" என்றார். "இப்ப ஸ்ரனிஸ்லஸ் பிரதரின்ர விஷயத்துக்கு வருவம். குழி இன்னும் மூடப்படயில்லை."

காது மெசின் பழுதோ என்று தட்டிப் பார்த்தேன். இல்லை. மண்டபம் முழுவதும் வாயைத் திறந்தபடி இருந்தது. தலைமயிரில் மண்ணோடு இருந்த மூப்பர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாஸ்டர்," என்று எழும்பினேன், "அந்தக் குழிக்குள்ள இருந்துதானே இப்ப வந்தனீங்கள்?"

"அப்பிடியொண்டும் நடக்கயில்லை பேதுரு அண்ணை. நான் முழங்கால்படியிட்டு ஜெபிச்சனான்."

"மண் முதுகில கிடக்கு பாஸ்டர்."

"தம்பி," என்றா மீனம்மா முன்வரிசையிலிருந்து, "இவ்வளவு நேரமும் நான் உங்கட மடியிலயெல்லோ இருந்தனான்."

"அம்மா, உங்களுக்கு வயசு போட்டுது."

"வயசு போனாலும் மடி எதெண்டு தெரியாதே?"

பாஸ்டர் கையிலிருந்த கடதாசியை விரித்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஞானமலர் முந்தானையை வாயில் வைத்துக் கடித்தாள்.

டிலுசா எழும்பினாள். அவள் சத்தமாகக் கதைக்கிற பிள்ளை இல்லை. "பாஸ்டர், அப்பாவைப் புறம்பாக்க முதல் ஒண்டு கேக்கிறன். பங்கருக்கு வெளியில நிண்டது ஆர்? தனக்கு வெட்டின குழியில உங்களை எல்லாம் ஒவ்வொருத்தரா இறக்கிப்போட்டு, இடமில்லாமல் மேல நிண்டவர். அவரையோ நீங்கள் அவிசுவாசி எண்டுறியள்?"

"விடு பிள்ளை" என்று ஸ்ரனிஸ்லஸ் எழும்பினான். "பாஸ்டர், நான் மூடுறன். அவிசுவாசமெண்டும் சொல்லுறன். பிள்ளையின்ர கலியாணம் நடக்கட்டும். இப்பவே மண்வெட்டியை எடுக்கிறன்."

சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தான். பங்கரை வெட்டிய நாலு மாதத்தில் அவன் முதுகு இவ்வளவு வளைந்து நான் பார்க்கவில்லை.

"நில்லுங்கோ" என்றார் பாஸ்டர்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கடதாசியை மடித்தார், திரும்ப விரித்தார், திரும்ப மடித்தார். அவர் பிறகு சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன். இதில் ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை.

"என்ர தமையனைப் பங்கருக்குள்ள இருந்துதான் எடுத்தனாங்கள். நான்தான் வெட்டினது. பலமா வெட்டினனான் எண்டுதான் நினைச்சனான்." மூக்குக்கண்ணாடியைச் சேட்டு நுனியால் துடைத்தார். "பிறகு வேதத்தில அந்த ஏழு வருஷத்தை வாசிச்சன். இந்தச் சனத்துக்கு இன்னுமொண்டு கிடக்கு எண்டு நான் எந்த வாயால சொல்லுறது? முதலே ஆண்டவர் மேல தூக்கிப்போடுவார் எண்டு படிப்பிச்சவை. அதைப் பிடிச்சன். பொய்யாப் பிடிக்கயில்லை, நம்பித்தான் பிடிச்சனான். உங்கட குழியைக் காணேக்க எனக்கு அது தமையனின்ர குழி பிரதர். அதுதான் மூடச் சொன்னனான்."

ஸ்ரனிஸ்லஸ் வாசலில் நின்றபடியே சொன்னான்: "எனக்கு அது திறந்து கிடந்தால்தான் பாஸ்டர் நித்திரை வருது."

வேதத்தில் எது முதல், எது பிறகு என்பதில் அவர்கள் இரண்டு பேரும் இன்றைக்கும் ஒத்துப்போகவில்லை. போன கிழமையும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று அதிகாரம் அதிகாரமாக எறிந்துகொண்டார்கள். ஆனால் அன்றைக்குப் பாஸ்டர் அந்தக் கடதாசியை நாலாகக் கிழித்துச் சேட்டுப் பைக்குள் போட்டார்.

மூப்பர் மெல்லச் செருமினார். "அப்ப பாஸ்டர், சனிக்கிழமை?"

"பத்து மணிக்குக் கலியாணம். ஒருத்தரும் பிந்தவேண்டாம். குழி கிடக்கட்டும், பிள்ளையள் விழாமல் ஒரு கதவு போடுங்கோ பிரதர்."

ஞானமலர் அப்போதுதான் சத்தமாக அழுதாள். டிலுசா இருந்த இடத்திலேயே முகத்தைப் பொத்திக்கொண்டாள். எல்லோருக்கும் அது போதுமாக இருந்தது. எனக்குப் போதாது.

"பாஸ்டர்," என்றேன், "ஊரில போய்ச் சொன்னால் ஒருத்தரும் நம்பாயினம். கேக்கிறன் எண்டு குறை நினையாதேங்கோ. மேல போகவேண்டிய சபை கீழ போனது நடந்ததோ, நடக்கயில்லையோ?"

அவர் மேடையிலிருந்து இறங்கப் போனவர் நின்றார். மைக் இன்னும் போட்டபடிதான் இருந்தது.

"நடந்தது பேதுரு அண்ணை. முதல் குதிச்சது நான்தான்."